குழு வேனில் ஏறலாமா? முதல்முறை பிரசாரக் கூட்டத்துக்குப் போக நினைக்கும் வாசகிக்கு

வாசகியின் கடிதம் நீளமானது. ஊர், பெயர் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

வயது 34. தென் மாவட்டக் கிராமம் ஒன்றில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். கணவர் தாலுகா அலுவலகத்தில் அலுவலக உதவியாளர். இந்தத் தேர்தலில் அவருக்கும் பணி போட்டிருக்கிறார்கள். பையன் எட்டாவது படிக்கிறான், பெண் ஒன்றாவது. பக்கத்து டவுனில் அடுத்த வாரம் ஒரு பெரிய தலைவரின் பிரசாரக் கூட்டம். வாசகி இருக்கும் மகளிர் சுயஉதவிக் குழுவின் ஊக்குநர், “பன்னிரண்டு பேரும் வரணும். வேன் வாசலுக்கே வரும், தலைக்கு 300 ரூபாய், சாப்பாடு உண்டு. வராதவங்க பேரு அடுத்த பேங்க் கடன் லிஸ்ட்ல இருக்காது” என்று சொல்லிவிட்டார். கணவரோ, “நீ அங்கே நிற்பதை எவனாவது போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போட்டால் எனக்குத்தான் மெமோ வரும்” என்கிறார். மாமியாருக்குக் கரூர் கூட்ட நெரிசலை நினைத்துப் பயம்.

இத்தனைக்கும் நடுவில் வாசகி இப்படி எழுதியிருக்கிறார்: “சின்ன வயசிலிருந்து டிவியில் கேட்ட பேச்சு. ஒரே ஒரு தடவை நேரில் கேட்கணும்னு ஆசை. இந்த வயசில் இதெல்லாம் தேவையா என்று வீட்டில் சிரிக்கிறார்கள்.” பெண்ணையும் கூட்டிப்போக விருப்பம். தெருக்குழாயில் தண்ணீர் ஒழுங்காக வராதது பற்றி ஒரு மனு எழுதி வைத்திருக்கிறார். அதைத் தலைவர் கையிலேயே கொடுக்க வேண்டுமாம். காசு வாங்கினால் அந்தச் சின்னத்துக்கே ஓட்டுப் போட்டாக வேண்டுமா என்பது கடைசிக் கேள்வி.

இனி உங்களிடம் நேராகவே பேசுகிறேன்.

உங்கள் ஆசையில் சிரிக்க ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டில் அரசியல் வளர்ந்ததே பொதுக்கூட்ட மேடையில்தான். உங்கள் அப்பா, தாத்தா காலத்தில் ஆண்கள் துண்டை விரித்து மண்ணில் உட்கார்ந்து நடுராத்திரி வரை கேட்டுவிட்டு வருவார்கள். “மாதமோ சித்திரை, மணியோ பத்தரை” என்று அண்ணா பேச்சைத் தொடங்கியதாகச் சொல்வார்களே, அந்தக் கூட்டங்கள். பெண்கள் அப்போது வீட்டில் இருந்தார்கள், அல்லது தூரத்தில் நின்று கேட்டார்கள். நீங்கள் நேரில் போய்க் கேட்க நினைப்பது தாமதமாக வந்த நியாயம் என்றே எனக்குப் படுகிறது. (பத்தரை மணிப் பேச்சு இப்போது நடக்காது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு.)

ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. கூட்டத்துக்குப் போக வேண்டும் என்பது உங்கள் விருப்பம். உங்களைக் கொண்டுபோக வேண்டும் என்பது ஊக்குநரின் கணக்கு. நீங்களாகப் போவது வேறு, உங்களை ஏற்றிக்கொண்டு போவது வேறு. இதைப் பிரித்துவிட்டால் உங்கள் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, ஆயுதமின்றி அமைதியாகக் கூடுவது அரசியல் சாசனத்தின் 19-வது பிரிவு உங்களுக்குத் தந்த அடிப்படை உரிமை. பொது இடத்தில் கூட்டம் போடுவதை அரசு ஒழுங்குபடுத்தலாம், ஆனால் அதிகாரி தன் இஷ்டத்துக்கு மறுக்க முடியாது என்று அகமதாபாத்தில் எழுந்த ஹிம்மத்லால் ஷா வழக்கில் 1972-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கணவர் சம்மதம் வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. போகாமல் இருப்பதற்கும் உங்களுக்கு அதே அளவு சுதந்திரம் உண்டு. ஊக்குநருக்கு இது மறந்துபோயிருக்கிறது.

கணவரின் வேலைக்கு ஆபத்து வருமா?

அவருடைய பயத்தை நான் அலட்சியமாகப் பார்க்கவில்லை. தேர்தல் நேரத்தில் அரசு ஊழியர்கள் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973-இன்படி அவர் எந்தக் கட்சியிலும் உறுப்பினராக இருக்கக் கூடாது, யாருக்கும் ஓட்டுக் கேட்கக் கூடாது, தன் செல்வாக்கைப் பயன்படுத்தக் கூடாது. தேர்தல் பணியில் இருப்பவர் என்பதால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 129-வது பிரிவும் சேர்ந்துகொள்கிறது: வேட்பாளர் யாருக்கும் ஆதரவாக எதுவும் செய்யக் கூடாது.

ஆனால் இவையெல்லாம் அவரைக் கட்டுப்படுத்துபவை. நீங்கள் அரசு ஊழியர் இல்லை. குடும்பத்தாரைப் பற்றி நடத்தை விதிகள் கவலைப்படுவது அரசையே கவிழ்க்க முனையும் நடவடிக்கைகளில் அவர்கள் இறங்கினால்தான். அங்கீகாரம் பெற்ற கட்சி ஒன்றின் தேர்தல் கூட்டத்தில் மனைவி உட்கார்ந்து பேச்சுக் கேட்பது அந்தக் கணக்கில் வராது. பதற்றமான மேலதிகாரி யாராவது மெமோ கொடுத்தால்கூட, மெமோ என்பது விளக்கம் கேட்பதுதான், தண்டனை இல்லை. “என் மனைவி தனிப்பட்ட முறையில் ஒரு பொதுக்கூட்டத்துக்குப் பார்வையாளராகச் சென்றார், எனக்கு அதில் பங்கில்லை” என்ற பதில் போதும்.

அப்படியானால் கவனமாக இருக்க வேண்டிய இடம் எது? சின்னம். அரசு ஊழியர் தன் உடையிலோ, வண்டியிலோ, வீட்டிலோ தேர்தல் சின்னத்தைக் காட்டினால், அது செல்வாக்கைப் பயன்படுத்தியதாக எடுத்துக்கொள்ளப்படும். ஆகவே கூட்டத்தில் கொடுக்கும் ஸ்டிக்கரைக் கொண்டுவந்து வீட்டுக் கதவில் ஒட்டாதீர்கள். அவருடைய பைக்கை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். யாராவது ஆசையாகக் கொடியைக் கட்டிவிடுவார்கள். உங்கள் சுவரில் கட்சிக்காரர்கள் எழுத வந்தால் அவர் வீட்டில் இருக்கிறாரோ இல்லையோ நீங்களே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அப்புறம், துணைக்கு அவரைக் கூப்பிடாதீர்கள். சும்மா கேட்க வருவது பங்கேற்பு ஆகாது என்று வாதாட இடம் உண்டு. ஆனால் தேர்தல் பணியில் இருக்கும் ஒருவர் அந்த வாதத்துக்கே இடம் கொடுக்காமல் இருப்பது நல்லது. அக்காவோ, தம்பியோ, பக்கத்து வீட்டுக்காரரோ வரட்டும்.

ஊக்குநர் கடனை நிறுத்த முடியுமா?

முடியாது. கடிதத்தில் என்னைக் கோபப்படுத்திய பகுதி இதுதான்.

குழுவுக்குக் கடன் கொடுக்கலாமா என்று வங்கி பார்ப்பது பஞ்சசூத்திரம் என்று உங்கள் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த ஐந்து விஷயங்களை: ஒழுங்காகக் கூட்டம் நடக்கிறதா, ஒழுங்காகச் சேமிக்கிறீர்களா, உள்கடன் சுழல்கிறதா, தவணை தவறாமல் திரும்புகிறதா, கணக்குப் புத்தகங்கள் சரியாக எழுதப்பட்டிருக்கின்றனவா. ஆறாவதாக அரசியல் கூட்ட வருகைப் பதிவேடு கிடையாது. குழுக் கூட்டத்துக்கு வராதவருக்கு அபராதம் போடக் குழு தன் விதியில் இடம் வைத்திருக்கலாம். கட்சிக் கூட்டத்துக்கு வராதவருக்கு அபராதம் போடவோ, பெயரை விடவோ எந்த அடிப்படையும் இல்லை. கடனைப் பிரித்துக் கொடுப்பது பன்னிரண்டு பேரும் சேர்ந்து போடும் தீர்மானம். ஊக்குநர் அந்தத் தீர்மானத்தை எழுதுகிறார், அவ்வளவுதான்.

உடனே போலீஸுக்குப் போங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. அதே தெருவில் நாளைக்கும் வாழ வேண்டியவர் நீங்கள். அந்த ஊக்குநரை யார் நெருக்கியிருக்கிறார்கள் என்பதும் நமக்குத் தெரியாது. பெரும்பாலும் அவருக்கு மேலே ஒரு கிளைச் செயலாளர் “இருபது பேர் கொண்டா” என்று சொல்லியிருப்பார். அடுத்த வாரக் குழுக் கூட்டத்தில், தனியாக இல்லாமல், எல்லோர் முன்னாலும் அமைதியாகக் கேளுங்கள்: “அக்கா, கட்சிக் கூட்டத்துக்கு வரலைன்னா கடன் இல்லைன்னு சொன்னீங்களே, அதைத் தீர்மானப் புத்தகத்துல எழுதிடலாமா?” எழுத மாட்டார். எழுதவும் முடியாது. பேச்சு பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

முடியாவிட்டால் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு, அதற்கு மேல் வட்டார அலுவலகம், அதற்கும் மேல் ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் மகளிர் திட்ட இயக்குநர். தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருக்கும்போது திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தை வழக்கமாக நிறுத்திவிடுவார்கள். அந்த நாட்களில் மனுவைப் பெட்டியில் போடலாம், அல்லது பதிவுத் தபாலில் அனுப்பலாம்.

ஒரு நுணுக்கம். “இந்தச் சின்னத்துக்கு ஓட்டுப் போடலைன்னா கடன் இல்லை” என்று யாராவது சொன்னால் நிலைமையே வேறு. வாக்காளரைத் தீங்கு வரும் என்று மிரட்டி அவருடைய வாக்குரிமையில் தலையிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 171-வது பிரிவில் குற்றம். கூட்டத்துக்கு வா என்று நெருக்குவது அந்தப் பிரிவுக்குள் நேராக அடங்காது, ஏனென்றால் அது வாக்களிப்பது, வாக்களிக்காமல் இருப்பது, வேட்பாளராக நிற்பது போன்ற தேர்தல் உரிமைகளைப் பற்றியது. ஆகவே ஊக்குநர் என்ன வார்த்தை சொன்னார் என்பதை அப்படியே தேதி போட்டு எழுதி வையுங்கள். பின்னால் தேவைப்பட்டால் அந்த வார்த்தைகளை வைத்துத்தான் வழக்கு எந்தப் பிரிவில் வரும் என்று பார்ப்பார்கள்.

அந்த 300 ரூபாய்

கூட்டத்துக்கு வரக் கூலி, ஓட்டுக்குக் காசு, இரண்டும் சட்டத்தில் ஒன்றில்லை. வாக்குரிமையைப் பயன்படுத்தச் சொல்லிக் காசு கொடுப்பதும் வாங்குவதும் லஞ்சம். நியாய சன்ஹிதாவின் 170-வது பிரிவு வாங்குகிறவரையும் விட்டுவைக்கவில்லை, தண்டனை ஓராண்டு வரை போகலாம். கூட்டத்தில் உட்காருவதற்கான 300 ரூபாய் அப்படியே இதற்குள் வந்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் கொடுக்கும்போது “அக்கா, நம்ம சின்னத்தை மறந்துடாதீங்க” என்று ஒரு வார்த்தை சேர்ந்துவிட்டால் கோடு அழிந்துபோகும். யார் என்ன நினைத்துக் கொடுத்தார்கள் என்று அப்புறம் உங்களால் நிரூபிக்க முடியாது. வாங்காதீர்கள் என்பதே என் ஆலோசனை. ஒரு நாள் தையல் கூலி போகிறதே என்று நீங்கள் கவலைப்பட்டால் அது நியாயமான கவலை, அதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். இருந்தாலும் வேண்டாம்.

வாங்கிவிட்டால் அவர்களுக்கே போட்டாக வேண்டுமா என்ற கேள்விக்குப் பதில்: கட்டாயம் எதுவும் இல்லை. சூடம் ஏற்றிச் சத்தியம் வாங்கினாலும், சாமி படத்தின் மேல் கை வைக்கச் சொன்னாலும் சட்டத்தில் அதற்கு மதிப்பு இல்லை. யாருக்குப் போட்டாய் என்று உங்களைச் சொல்லவைக்க நீதிமன்றத்துக்குக்கூட அதிகாரம் கிடையாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94-வது பிரிவு அப்படித்தான் இருக்கிறது. “எந்த வீட்டில் யாருக்கு விழுந்தது என்று கம்ப்யூட்டரில் தெரியும்” என்று உங்கள் ஊரில் சொல்கிறார்களாமே, அதை நம்பாதீர்கள்.

இன்னொன்று எழுதியிருந்தீர்கள்: தலைக்கு 300 வீதம் வருவதைக் குழுச் சேமிப்பில் போட்டுவிடலாம், யாருக்கும் உறுத்தாது என்று ஒரு யோசனை. தயவுசெய்து வேண்டாம். குழுவின் வரவுப் பக்கத்தில் 3,600 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று என்ன எழுதுவீர்கள்? தணிக்கையில் மாட்டுவது குழு, கொடுத்த கட்சிக்காரர் இல்லை. அவர் தரப்பிலும் கணக்கு இடிக்கிறது: பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளர் செலவுக்கு 40 லட்சம் ரூபாய் என்று 2022-இல் உச்சவரம்பு வைத்தார்கள். வேன், சாப்பாடு, தலைக்குக் கூலி எல்லாம் ஒழுங்காகக் கணக்கில் ஏறினால் பலருடைய கணக்கு அந்த வரம்புக்குள் நிற்காது. அதனால்தான் ரசீது இல்லாமல் கையில் திணிக்கிறார்கள்.

ஓட்டுக்குக் காசு கொடுப்பதைப் பார்த்தால் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் படமோ வீடியோவோ எடுத்து, பெயர் சொல்லாமலேயே அனுப்பலாம். 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது அந்த ஏற்பாட்டின் இலக்கு. ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள் 1950 என்ற எண்ணுக்குப் பேசலாம்.

வேனா, பஸ்ஸா?

“வேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன வண்டி என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் கிராமத்தில் வேன் என்றால் மாக்ஸி கேபாகவும் இருக்கும், குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டியாகவும் இருக்கும். மோட்டார் விபத்து வழக்குகளை நடத்துகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், கூட்டத்துக்குப் போகும் பெண்களுக்கு மேடையைவிட இந்த வண்டிதான் பெரிய ஆபத்து. சரக்கு வண்டியில் சும்மா ஏறிவந்த பயணிக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் ஆஷா ராணி வழக்கில் 2002-இலேயே சொல்லிவிட்டது. டாடா ஏஸ், லாரி, டிராக்டர் டிரெய்லர் எல்லாவற்றிலும் இதே தலைவலிதான். வண்டி கவிழ்ந்தால் இழப்பீட்டை வண்டி உரிமையாளரிடம்தான் வசூலிக்க வேண்டும், அவரிடம் பெரும்பாலும் அந்த வண்டி ஒன்றுதான் சொத்து. சில வழக்குகளில் நீதிமன்றங்கள் “முதலில் இன்சூரன்ஸ் கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்” என்று இரக்கப்பட்டு உத்தரவிடுவது உண்டு. அதை நம்பி ஏற முடியாது.

ஆகவே பஸ்ஸில் போங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தாக இருந்தால் பெண்களுக்கு டிக்கெட் இல்லாமலே போகலாம். வேனில் போனால் அவர்கள் புறப்படும்போதுதான் நீங்கள் புறப்பட முடியும். தலைவர் வர எத்தனை மணி ஆனாலும் காத்திருக்க வேண்டும், நெருக்கடி வந்தாலும் வெளியே நின்று காத்திருக்க வேண்டும். பஸ்ஸில் போனவர் நினைத்த நிமிடம் கிளம்பலாம். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று முன்னாலேயே விசாரித்துவிடுங்கள்.

வேனில் ஏறுவோரிடம் ஆதார் நகல், வாக்காளர் அட்டை எண், போன் நம்பர் எல்லாம் வாங்குகிற பழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. எதையும் கொடுக்காதீர்கள். போனுக்கு வரும் ஓடிபியையும் சொல்லாதீர்கள். கொடுத்துவிட்டால், பிறகு விசாரிக்கும்போது கட்சி உறுப்பினர் பட்டியலில் உங்கள் பெயர் ஏறியிருக்கும். கணவரின் மெமோ பயம் உண்மையிலேயே இங்கேதான் சிக்கலாகும். கூட்டத்தில் நின்ற ஒரு படம் பெரிய விஷயமில்லை, உறுப்பினர் அட்டை என்றால் கேள்வி வரும்.

“போலீஸ் அனுமதி கொடுத்த கூட்டம்தானே?”

மாமியாரைச் சமாதானப்படுத்த இந்த வாதத்தை வைத்திருக்கிறீர்கள். இது பலவீனமான வாதம். 2025 செப்டம்பர் 27 அன்று கரூர் வேலுச்சாமிபுரத்தில் நடந்த பிரசாரத்துக்கும் அனுமதி இருந்தது. 41 பேர் இறந்தார்கள், அதில் குழந்தைகளும் இருந்தார்கள். யார் பொறுப்பு என்பதை சிபிஐ விசாரிக்கும்படி அந்த அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. உங்களுக்கு வேண்டிய பாடம் வேறு: பகலிலிருந்து காத்திருந்த மக்கள், இரவு ஏழு மணி வாக்கில் வந்த தலைவர், குறுகலான சாலை, எதிர்பார்த்ததைவிட அதிகக் கூட்டம். அனுமதிக் கடிதம் இவற்றில் எதையும் மாற்றாது. அனுமதி என்பது நிபந்தனைகளின் பட்டியல், பாதுகாப்புக்கான உத்தரவாதம் கிடையாது.

கூட்ட நெரிசலில் இறப்பவர்கள் பெரும்பாலும் மிதிபட்டுத்தான் இறக்கிறார்கள் என்று நினைக்கிறோம். பலர் நின்ற நிலையிலேயே நெஞ்சு அழுந்தி மூச்சு விட முடியாமல் போகிறார்கள். அதனால்தான் உயரம் குறைந்தவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆபத்து அதிகம். ஒன்றாவது படிக்கும் உங்கள் மகள் நின்றால் பெரியவர்களின் இடுப்பு உயரம் இருப்பாள், அவளுக்கு அங்கே காற்றே கிடைக்காது. அவளைக் கூட்டிப்போகாதீர்கள். பிரசார வேலைகளில் குழந்தைகளைப் பயன்படுத்தக் கூடாது என்று 2024 பிப்ரவரியில் தேர்தல் ஆணையம் கட்சிகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. அம்மாவோடு பார்க்க வரும் குழந்தையை அது தடுக்கவில்லை, ஆனால் கையில் கொடியைக் கொடுத்து மேடை ஓரத்தில் நிறுத்தினால் பிரச்சினைதான். எட்டாவது படிக்கும் பையன்? திடலில் நடக்கும் கூட்டமாக இருந்தால், ஓரமாக நின்றால், சரி.

திடலா, ரோடு ஷோவா என்பதை முதலில் விசாரியுங்கள். தலைவர் வாகனத்தில் நின்று கையசைத்துக்கொண்டு வரும் ரோடு ஷோ என்றால் இந்த முறை விட்டுவிடுங்கள். அங்கே கேட்கப் பேச்சும் அதிகம் இருக்காது. திடல் கூட்டம் என்றால் போகலாம். தடுப்புக் கட்டைகளுக்கு நடுவே இருக்கும் பகுதிகளை விட்டு, பின்னால் வெளியேறும் வழிக்குப் பக்கத்தில் நில்லுங்கள். பேச்சு ஒலிபெருக்கியில் எங்கும் ஒரே மாதிரிதான் கேட்கும். தண்ணீர் பாட்டிலும் கொறிக்க ஏதாவதும் வைத்துக்கொள்ளுங்கள். காலைப் பிடித்துக்கொள்ளும் செருப்பாகப் போடுங்கள். சேலையைவிட சுடிதார் வசதி. சுற்றியிருப்பவர்களின் தோள் உங்கள் மேல் படாமல் கையைத் தூக்க முடியவில்லை என்று தோன்றிய உடனே கிளம்புங்கள், தலைவர் அந்த நிமிடம்தான் மேடை ஏறுகிறார் என்றாலும் கூட. மாட்டிக்கொண்டால் இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் மடித்து மூச்சுக்கு இடம் வைத்துக்கொள்ளுங்கள், தள்ளலுக்கு எதிராகப் போராடாமல் அலை அடங்கும்போது பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக நகருங்கள், கீழே விழுந்த போனையோ செருப்பையோ குனிந்து எடுக்காதீர்கள். அவசரத்துக்கு 108, போலீஸுக்கு 112.

கூட்டத்தில் கை வைக்கிறவர்களும் உண்டு. பெண்கள் இதைப் பற்றி வீட்டில் சொல்வதில்லை, சொன்னால் அடுத்த முறை விடமாட்டார்கள் என்று. சத்தம் போடுங்கள், பக்கத்தில் இருக்கும் பெண் காவலரிடம் காட்டுங்கள். புகாரை அந்த ஊர் ஸ்டேஷனில்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவின்படி உங்கள் ஊர் ஸ்டேஷனிலேயே கொடுக்கலாம், எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது.

இவ்வளவையும் படித்துவிட்டுத் தயக்கம் வந்தால், முதல் கூட்டத்தைச் சிறியதாகத் தேர்ந்தெடுங்கள். உங்கள் வேட்பாளர் பேசும் தெருமுனைக் கூட்டம் ஏதாவது பஜாரில் நடக்கும். நூறு பேர் இருப்பார்கள், முகம் தெரியும், பேச்சும் உங்கள் தொகுதியைப் பற்றி இருக்கும். எதிர்க்கட்சிக்காரரின் கூட்டத்துக்கும் ஒரு நாள் போய் நில்லுங்கள். ஊரில் “அவள் அந்தக் கட்சி” என்று முத்திரை குத்துவதற்குச் சட்டத்தில் மருந்து இல்லை. இரண்டு பக்கமும் போகிறவளை எந்தக் கட்சி என்று சொல்வது என்று அவர்களே குழம்பட்டும். வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் பிரசாரக் கூட்டம் எதுவும் நடக்காது, ஆகவே கடைசி நாள் என்று தள்ளிப்போடாதீர்கள்.

தண்ணீர் மனு

தலைவரின் கையில் கொடுக்க நினைப்பதை விட்டுவிடுங்கள். வாகனத்தை நோக்கி ஓடுவது இருப்பதிலேயே ஆபத்தான இடத்துக்கு நீங்களே போவது. மேடைக்கு முன்னால் எழுந்து நின்று கத்திக் கேட்பதும் வேண்டாம்: தேர்தல் கூட்டம் நடக்கவிடாமல் ஒழுங்கீனமாக நடப்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127-வது பிரிவில் குற்றம், ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். கேள்வி கேட்பது குற்றமில்லை என்று நீதிமன்றத்தில் நான் வாதாடுவேன், ஆனால் அதற்குள் தொண்டர்கள் உங்களை என்ன செய்வார்கள் என்பது என் கையில் இல்லை.

கேட்க வேண்டிய இடம் உங்கள் வாசல். வேட்பாளர் ஓட்டுக் கேட்டு உங்கள் தெருவுக்கு வருவார். அன்றைக்குப் பெண்கள் நாலு பேராகச் சேர்ந்து நின்று மனுவைக் கையில் கொடுங்கள், எப்போது சரிசெய்வீர்கள் என்று கேளுங்கள், பதில் சொல்லும்போது போனில் பதிவு செய்யுங்கள். அதற்கு முன்னால் அவருடைய வேட்புமனுப் பிரமாணப் பத்திரத்தை தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் பாருங்கள். சொத்து, கடன், வழக்குகள், படிப்பு எல்லாம் அதில் இருக்கும். பையனிடம் சொன்னால் எடுத்துக் கொடுப்பான்.

உங்கள் தெருக்குழாய்க்கு நேரடிப் பொறுப்பு எம்எல்ஏவுக்கு இல்லை, ஊராட்சிக்கு. ஆகவே அதே மனுவின் ஒரு நகலை ஊராட்சித் தலைவர் அல்லது தனி அலுவலருக்கும், இன்னொன்றை வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் கொடுங்கள். தேதி முத்திரையோடு ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள். தேர்தல் முடிந்ததும் வரும் முதல் கிராம சபையில் அந்த ஒப்புகையைக் காட்டித் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள், பேச உங்கள் குழுவிலிருந்து இரண்டு மூன்று பேரைக் கூட்டிக்கொள்ளுங்கள்.